‘சிஸ்டம் சொல்லிவிட்டது’ என்பது பதிலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகங்களில் முடிவெடுக்கும் வேலையை முழுவதுமாகக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டால் லஞ்சமும் தவறும் ஒழிந்துவிடும் என்று அண்மைக் காலமாக உங்கள் வாசகர் பகுதியில் பலர் எழுதிவருகிறார்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சு பெருகப் பெருக இந்த நம்பிக்கையும் பெருகுகிறது. அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு சான்றிதழுக்காக மேசை மேசையாக அலைந்தவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? ஆனால் ‘கணினி தப்புச் செய்யாது’ என்ற வாக்கியத்தை மட்டும் என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. தில்லியை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்’, அதாவது கணிமைக் கோட்பாடு, பாடம் எடுப்பவள் நான். கணினியால் எது முடியாது என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபித்ததுதான் அந்தப் பாடத்தின் தொடக்கம். அதைப் படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் படிக்காதவர்கள்தான் அதன் விலையைக் கொடுக்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொண்டு இடம் கொடுங்கள்.

1928-ல் ஜெர்மானியக் கணித மேதை ஹில்பெர்ட்டும் அவருடன் பணியாற்றிய ஆக்கர்மனும் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். தர்க்கத்தின் மொழியில் எழுதப்பட்ட எந்தக் கூற்றைக் கொடுத்தாலும், அது எப்போதும் செல்லுபடியாகுமா ஆகாதா என்று படிப்படியான ஒரு செய்முறையால் கண்டுபிடித்துவிட முடியுமா? முடியாது என்று 1936-ல் இரண்டு பேர் தனித்தனியாகக் காட்டினார்கள். ஒருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த அலோன்ஸோ சர்ச். மற்றவர் கேம்பிரிட்ஜில் இருந்த, இன்னும் 24 வயது நிறையாத ஆலன் ட்யூரிங். மின்னணுக் கணினி ஒன்றுகூட உலகத்தில் இல்லாத நாள்களில், காகித நாடாவில் குறியீடுகளைப் படித்தும் எழுதியும் நகரும் ஓர் இயந்திரத்தை ட்யூரிங் மனத்தில் கட்டி, அதன் வழியே இந்த முடிவுக்கு வந்தார்.

அவருடைய வாதம் பின்னாளில் ‘ஹால்டிங் பிராப்ளம்’ என்ற வடிவத்தில் பாடப்புத்தகங்களுக்குள் வந்தது. கணிதம் தெரியாதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். எந்த நிரலை, அதாவது கணினிக்கு எழுதிக்கொடுக்கும் கட்டளைத் தொகுப்பைக் கொடுத்தாலும், அது எப்போதாவது வேலையை முடித்து நிற்குமா, இல்லை முடிவில்லாமல் சுழன்றுகொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லிவிடும் ஒரு பரிசோதகர் நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது நான் இன்னொரு நிரல் எழுதுகிறேன். அது தன்னையே அந்தப் பரிசோதகரிடம் கொடுத்து, ‘நான் நிற்பேனா?’ என்று கேட்கும். ‘நிற்பாய்’ என்று பதில் வந்தால் நிற்காமல் சுழலும். ‘நிற்கமாட்டாய்’ என்று பதில் வந்தால் அந்த நொடியே நின்றுவிடும். பரிசோதகர் எதைச் சொன்னாலும் அது பொய்யாகிறது. ஆகவே தவறே செய்யாத பரிசோதகர் என்று ஒன்று இருக்க வழியில்லை. இன்னும் வேகமான கணினி வந்தாலும் இந்த முடிவு மாறாது. இது இயந்திரத்தின் திறமைக் குறைவால் வந்ததில்லை, தர்க்கத்தின் இயல்பால் வந்தது.

1953-ல் ஹென்றி கார்டன் ரைஸ் என்பவர் இதை இன்னும் விரித்தார். நிற்குமா நிற்காதா என்பது மட்டுமில்லை. ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதைப் பற்றி நாம் கேட்க விரும்பும் உருப்படியான கேள்வி எதுவாக இருந்தாலும், எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி அதற்கு விடை சொல்லும் பொதுவான செய்முறை கிடையாது. இந்த மென்பொருள் தகுதியுள்ள எவரையும் பட்டியலிலிருந்து தள்ளிவிடாது என்று எவராவது உறுதி சொன்னால், அந்த உறுதி ஒரு பொத்தானை அழுத்தி வாங்கியதாக இருக்க முடியாது. யாரோ உட்கார்ந்து, அந்த ஒரு மென்பொருளை மட்டும் எடுத்து, வரி வரியாகப் பார்த்து, தன் பெயரில் சொன்னதாக இருக்க வேண்டும். அப்படி யாராவது பார்த்தார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

என் வகுப்பில் கூர்மையான பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ளாமல் கேள்வி கேட்பார்கள். “மேடம், ட்யூரிங்கின் நாடாவுக்கு நீளம் முடிவில்லாதது. நிஜக் கம்ப்யூட்டருக்கு நினைவகம் அளவோடுதானே இருக்கிறது? எல்லா நிலைகளையும் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்த்துவிடலாமே?” நல்ல கேள்வி. பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். வெறும் ஒரு கிலோபைட் நினைவகம் என்றால் 8,192 பிட். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். அது இருக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 2,467 இலக்கம் கொண்ட ஓர் எண். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை எழுத சுமார் 80 இலக்கம் போதும். இன்றைக்கு ஒரு சாதாரணக் கைப்பேசியின் நினைவகமே இதைப்போல் பல லட்சம் மடங்கு. வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும்.

அதற்காக எந்த மென்பொருளையும் நம்பக்கூடாது என்று சொல்ல வரவில்லை. குறிப்பிட்ட ஒரு நிரலை எடுத்துக்கொண்டு அது சரி என்று கணிதமாக மெய்ப்பிக்க முடியும். ஆஸ்திரேலியாவில் 2009-ல் ‘எஸ்இஎல்4’ என்ற இயங்குதளக் கருவை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளின் மையப் பகுதியை, அப்படி மெய்ப்பித்தார்கள். அதில் இருந்தது ஏறத்தாழ 8,700 வரி. அதற்கு ஆன உழைப்பு, ஒரே ஆள் செய்திருந்தால் சுமார் 20 ஆண்டு பிடித்திருக்கும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். நம்முடைய ரேஷன் அட்டையும் உதவித்தொகையும் வரவும் செலவும் தங்கியிருக்கும் மென்பொருள்களோ பல லட்சம் வரிகள் கொண்டவை. அவற்றுக்கு நடப்பது சோதனைதான். சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்று காட்ட முடியாது என்று கணினியியல் அறிஞர் டைக்ஸ்ட்ரா சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அவர் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1960-களில் தபால் துறை வேலைக்காகத் தில்லி வந்தவர். குமாஸ்தாவாகச் சேர்ந்து சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றார். சாயங்காலம் கவுன்ட்டர் மூடியதும் ரொக்கம், ஸ்டாம்ப், மணியார்டர், சேமிப்புக் கணக்கு எல்லாம் டாலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. குறைந்த பணத்தைக் கடைசியில் கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். அப்பா முதலில் ஒன்று செய்வார். வித்தியாசத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கலாம் என்று அர்த்தம். 63 என்பதை 36 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 27. எந்த இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். பத்து வயதில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த இந்த உத்திதான் நான் பார்த்த முதல் பிழை கண்டுபிடிக்கும் செய்முறை. அது ஒரு வகைப் பிழையைப் பிடிக்கும். மற்ற வகைக்கு வவுச்சர் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். பார்க்க முடிந்தது, அதுதான் முக்கியம். பேரேடு அவர் கண்முன்னே இருந்தது. மேலதிகாரி வந்தால் அவரும் அதே பேரேட்டைத்தான் பார்ப்பார்.

இங்கிலாந்தின் தபால் நிலையத் தலைவர்களுக்கு அந்தப் பேரேடு இல்லாமல் போனது. 1999-லிருந்து அங்கே தபால் நிலையங்களில் ‘ஹொரைஸன்’ என்ற கணக்கு மென்பொருள் வந்தது. ஃபுஜித்ஸு நிறுவனத்துடையது. சில நாள்களில் கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் திரையில் தெரியும் தொகைக்கும் ஒட்டவே ஒட்டாது. குறைவை ஈடுகட்டும் பொறுப்பு ஒப்பந்தப்படி அவர்களுடையது. சேமிப்பைக் கொட்டினார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள், உறவினரிடம் கடன் வாங்கினார்கள். உதவி எண்ணைக் கூப்பிட்டால், ‘உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை’ என்று பதில் வந்ததாகப் பலர் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். 2015 வரையிலான ஆண்டுகளில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, கணக்கு மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணி ஒருவர் சிறைக்குப் போனார். தண்டிக்கப்பட்டவர்களில் நம் துணைக்கண்டத்திலிருந்து குடியேறிய குடும்பத்தினரும் உண்டு. குறைந்தது 13 பேர் இதனால் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று பொது விசாரணையின் 2025 ஜூலை அறிக்கை சொல்கிறது. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் தபால் நிலையத் தலைவர் மற்றவர்களைத் திரட்டி வழக்காடியதால் 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. மொத்தமாகத் தண்டனைகளை ரத்துசெய்யத் தனிச் சட்டமே 2024-ல் தேவைப்பட்டது.

பிழையுள்ள மென்பொருள் எங்கும் இருக்கும். இங்கே கொடுமை செய்தது சட்டத்தின் ஓர் அனுமானம். கணினி ஆதாரத்தைக் கொண்டுவருபவர் அந்தக் கணினி சரியாக இயங்கியதாகக் காட்ட வேண்டும் என்று அங்கே 1984-ன் ஒரு சட்டப்பிரிவு சொல்லியிருந்தது. அது தேவையில்லாத சுமை என்று 1999-ல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதன் பிறகு, வேறுவிதமாகக் காட்டப்படாதவரை கணினி சரியாகத்தான் இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வேறுவிதமாக யார் காட்டுவது? நிரலின் ஒரு வரியைக்கூடப் பார்க்க அனுமதி இல்லாத, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத, கிராமத்துத் தபால் நிலையத்தை நடத்துகிறவர். நிரலைக் கையில் வைத்திருக்கும் நிபுணரே பொதுவாக உறுதி சொல்ல முடியாது என்று 1936-லிருந்து கணிதம் சொல்லிக்கொண்டிருக்கிறது. சட்டம் அதற்கு நேர் எதிரானதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மனிதர்களைச் சிறைக்கு அனுப்பியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பதால் வகுத்துப் பார்த்து, வவுச்சர் கட்டைப் பிரித்து, கடைசியில் பிழையைக் கண்டுபிடித்து நிமிரும் வாய்ப்பு என் அப்பாவுக்கு இருந்தது. அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது.

நம் நாட்டில் என்ன நிலை? பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-வது பிரிவும் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கின்றன. சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லும் 2020-லும் சொல்லியிருக்கிறது. இது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். இன்ன கருவியிலிருந்து இந்த ஆவணம் எடுக்கப்பட்டது, அந்தச் சமயத்தில் கருவி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது என்கிறது. புதிய சட்டம் ‘ஹேஷ்’ மதிப்பையும் கேட்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண் அது. கோப்பில் பிறகு யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. கோப்புக்குள் முதலில் விழுந்த கணக்கே தப்பாக இருந்தால், தப்பு மாறாமல் பத்திரமாக இருக்கிறது என்பதற்கும் அதே எண்தான் சாட்சி. (அந்தப் படிவத்தில் எம்டி5, ஷா-1 என்ற பழைய முறைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரும்படி செய்யலாம் என்று எம்டி5-க்கு 2004-லும் ஷா-1-க்கு 2017-லும் ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். சட்டம் எழுதும்போது பாடம் எடுக்கிறவர்கள் யாரையாவது கேட்டிருக்கலாம்.)

நீதிமன்றம் வரை போகாத விஷயங்கள்தான் அதிகம். நான் மயூர் விஹாரில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். த்ரிலோக்புரியில் அம்மாவோடு குடியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. மருந்து வாங்குவது அந்தப் பணத்தில்தான். “அக்கா, நீங்க ஒரு தடவ வந்து கேளுங்க, எங்களுக்கு அவங்க பேசுற இந்தியும் புரியல, கம்ப்யூட்டரும் புரியல” என்றாள். போனேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், சிஸ்டம் மே நாம் நஹீ ஆ ரஹா” என்றார். சிஸ்டத்தில் பெயர் வரவில்லையாம். ஏன் வரவில்லை? தெரியாது. யார் எடுத்தார்கள்? யாரும் எடுக்கவில்லை, மேலிருந்து பட்டியல் அப்படி வருகிறது. எந்த விதிப்படி? அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர் இல்லை என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்துபோனதாலா, வங்கிக் கணக்கில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருந்து ஆதாரில் இல்லாததாலா, இதே பெயரில் வேறு யாரோ இறந்துபோனதாலா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். மனுக் கொடுத்து, மறுபடி கொடுத்து, சில மாதங்கள் கழித்துப் பணம் வரத் தொடங்கியது. எதனால் நின்றது, எதனால் வந்தது என்று இன்றுவரை ஒரு துண்டுச் சீட்டில்கூட யாரும் எழுதித் தரவில்லை. அந்த அம்மா இப்போதும் மாதம் பிறந்தால் பயந்துகொண்டே இருக்கிறார்.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் தெரியாது, அவரிடமிருந்தும் அது மறைக்கப்பட்டிருக்கிறது. நூறில் ஒருவருக்குத்தானே இப்படி ஆகிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நம் நாட்டில் ஆதார் வைத்திருப்பவர்கள் 130 கோடிக்கும் மேல். அதில் நூறில் ஒன்று என்றால் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர். தில்லி யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மென்பொருளில் பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் விஷயம் முடியாது. நிரல் சரி என்று மெய்ப்பிப்பது என்றால், கொடுத்த விதியை அது அப்படியே பின்பற்றுகிறது என்று மெய்ப்பிப்பதுதான். விதி சரியா என்று கணிதம் சொல்லாது. ஆஸ்திரேலியாவில் 2015-க்குப் பிறகு சில ஆண்டுகள் நடந்த ‘ரோபோடெட்’ திட்டத்தில் கணினி தனக்குச் சொன்னதைச் சொன்னபடிதான் செய்தது. ஒருவருடைய ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, அந்தச் சராசரியை வைத்து, நீங்கள் அரசிடம் அதிகமாக உதவி வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்று தானாக நோட்டீஸ் அனுப்பியது. ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாதம் வேலையில்லாமல் உதவி வாங்கியவர், வேலையில்லாத மாதங்களிலும் சம்பாதித்ததாகக் கணக்கில் விழுந்தார். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு இல்லாத கடனுக்கு ஆளானார்கள். 2019-ல் நீதிமன்றத்தில் இது சட்டவிரோதம் என்று அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2023 ஜூலையில் ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையத்தின் அறிக்கை யார் யார் பொறுப்பிலிருந்து நழுவினார்கள் என்பதை விரிவாக எழுதியது. அந்த வகுத்தல் கணக்கில் ஒரு பைசா பிழை கிடையாது.

பட்சபாதம் பற்றியும் ஒரு வரி. குற்றம் செய்யக்கூடியவர், கடன் கட்டாமல் போகக்கூடியவர் என்றெல்லாம் ஆளை மதிப்பிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. நியாயம் என்பதற்குப் பல வரையறைகள் உண்டு. ஒரே மதிப்பெண் எல்லாச் சமூகத்தாருக்கும் ஒரே பொருள்பட வேண்டும் என்பது ஒன்று. குற்றமற்றவரைத் தவறாகச் சந்தேகிக்கும் விகிதம் எல்லாருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சமூகங்களுக்கிடையே அடிப்படை விகிதங்கள் வேறுபட்டு, கணிப்பும் நூறு சதவீதம் துல்லியமாக இல்லாதபோது, இவற்றையெல்லாம் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று 2016-ல் கிளைன்பெர்க், முல்லைநாதன், ராகவன் ஆகிய மூவர் நிரூபித்தார்கள். எந்த நியாயத்தை விட்டுக்கொடுப்பது என்று யாரோ தேர்ந்தெடுத்தே தீர வேண்டும். நம் சார்பில் அந்தத் தேர்வைச் செய்ய நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆட்கள் இருக்கிறார்கள். அது டெண்டர் எடுத்த நிறுவனத்தின் அறைக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடக்கூடாது.

மனிதர்கள் மட்டும் யோக்கியமா என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். அப்பாவின் அலுவலகத்திலும் கையாடல் நடந்ததுண்டு, வேண்டியவர்களுக்கு வேலை முன்னால் நடந்ததுண்டு. உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வருவதால் இடைத்தரகர் ஒழிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணினி வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை, என் வாழ்க்கையே அதில்தான். ஆனால் ஒரு குமாஸ்தா உங்கள் மனுவைத் தள்ளினால் அதில் அவருடைய கையெழுத்து இருக்கும். மேல்முறையீடு செய்யலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பைக் கேட்கலாம், நீதிமன்றத்தில் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். அதே முடிவை மென்பொருள் எடுத்தால் இந்தக் கதவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடிக்கொள்கின்றன. தகவல் கேட்டால் 2005-ன் சட்டத்திலேயே உள்ள வணிக ரகசியம் என்ற விலக்கைக் காட்ட இடமிருக்கிறது. மக்கள் பணத்தில் வாங்கி, மக்களின் சாப்பாட்டை முடிவுசெய்யும் விதி எப்படி ஒருவருடைய வணிக ரகசியமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவை முழுக்க இயந்திரமே எடுப்பதற்கு எதிரான உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதத்திலிருந்து தருகிறது. அரசு முடிவுக்கு நிரல் பயன்படுத்தப்பட்டால் அதைத் தெரிவிக்கவும் கேட்டால் விளக்கவும் வேண்டும் என்று பிரான்ஸ் 2016-ல் சட்டம் போட்டது. நம்முடைய 2023-ம் ஆண்டு தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படி ஓர் உரிமை இல்லை. அதேசமயம் கர்நாடகம் செயலிவழித் தொழிலாளர்களுக்காக 2025-ல் கொண்டுவந்த சட்டத்தில் தானியங்கி முறையில் எடுக்கப்படும் முடிவுகளின் வெளிப்படைத்தன்மையைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார்கள். உணவு கொண்டுவந்து தரும் பையனுக்கு அந்த உரிமையை எழுத முடிந்தால், த்ரிலோக்புரியில் இருக்கும் அம்மாவுக்கும் எழுத முடியும்.

என் வேண்டுகோள் இதுதான். ரேஷன், ஓய்வூதியம், உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு எதிலிருந்தும் ஒருவர் பெயரை நீக்குவதானால், நீக்குவதற்கு முன்னால், காரணத்தையும் விதியையும் குறிப்பிட்டு, ஓர் அதிகாரி தன் பெயரெழுதிக் கையெழுத்திட்ட உத்தரவு, பெயர் நீக்கப்படுபவருக்குத் தெரிந்த மொழியில் அவர் கைக்குப் போக வேண்டும். அதுவரை பணம் நிற்கக்கூடாது. வழக்கில் ஒருவர் ‘இந்தக் கணினிக் கணக்கு தப்பு’ என்று சொன்னால், அதைச் சரி என்று காட்டும் சுமை கணினியை வைத்திருப்பவருடையதாக இருக்க வேண்டும். அதில் முன்னர் பதிவான பிழைகளின் பட்டியலையும், வெளியிலிருந்து யார் உள்ளே நுழைந்து திருத்த முடியும் என்பதையும் அவர் மறைக்காமல் தாக்கல் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் மறைக்கப்பட்டவை இவைதான். தில்லியில் இருக்கும் நம் தமிழ் எம்.பி.க்கள் எந்தக் கட்சியானாலும் சாட்சியச் சட்டத்தில் இந்தத் திருத்தத்தைக் கேட்கலாம்.

பாடம் எடுக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை. கணிமைக் கோட்பாட்டை நாம் மேற்படிப்புக்கான ‘கேட்’ தேர்வுக்கு மதிப்பெண் தரும் பாடமாகவே நடத்தி முடித்துவிடுகிறோம். ட்யூரிங்கின் நிரூபணத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளை, படிப்பு முடித்து நொய்டாவிலோ குர்காவிலோ ஓர் அரசுத் திட்டத்துக்கு மென்பொருள் எழுதப் போகும்போது, தான் எழுதும் ஒரு நிபந்தனை வரி யாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தும் என்று யோசிக்க வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. நான் சென்ற பருவத்திலிருந்து ரைஸ் தேற்றத்தை நடத்தி முடித்ததும் ஹொரைஸன் தீர்ப்பின் சில பக்கங்களைப் படிக்கக் கொடுக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லை, தேர்விலும் வராது என்று தெரிந்தும் பிள்ளைகள் படித்துவிட்டு வருகிறார்கள். வகுப்பு முடிந்த பிறகும் நின்று விவாதிக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்று. ஓர் ஊரில் நூறு பேருக்கு ஓய்வூதியம் நின்றது என்று செய்தி வரும்போது, தொழில்நுட்பக் கோளாறு என்று அதிகாரி சொன்னதோடு செய்தியை முடிக்காதீர்கள். எந்தத் துறையின் மென்பொருள், எந்த விதிப்படி பெயர் நீக்கப்பட்டது, நீக்கிய உத்தரவில் கையெழுத்திட்டவர் யார் என்று உங்கள் நிருபர்களைக் கேட்கச் சொல்லுங்கள். இப்படிப் பட்டியலிலிருந்து விடுபட்ட அனுபவம் உள்ள வாசகர்கள், தங்களுக்கு எழுத்தில் காரணம் தரப்பட்டதா இல்லையா என்பதை மட்டும் நாலு வரியில் உங்களுக்கு எழுதி அனுப்பட்டும். அவற்றைத் தேதியோடும் ஊரோடும் ஒரு பக்கத்தில் தொகுத்து வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பும் வேலையை நானும் என் மாணவர்களும் செய்துதருகிறோம்.

இப்படிக்கு,
கணினியியல் ஆசிரியை ஒருவர்
மயூர் விஹார், தில்லி

(வேலை பார்க்கும் இடத்தைக் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)